1557 லியோன் பதிப்பின் தாள் என்று நம்பி நான் வாங்கிய போலி

கடந்த மாதம் ஐரோப்பிய விற்பனையாளர் ஒருவரிடம் இணையவழியில் 180 யூரோ கொடுத்து நான் வாங்கிய பழைய அச்சுத்தாள் போலி என்று உறுதியாகிவிட்டதால், நூற்படங்களைச் சேகரிக்கும் மற்றவர்களாவது ஏமாறாதிருக்க இதை எழுதுகிறேன்.

ரோமானியக் கவிஞர் ஓவிடின் உருமாற்றக் கதைகளுக்கு ஓவியர் பெர்னார் சாலமோன் படம் வரைய, பிரான்சின் லியோன் நகரில் பதிப்பாளர் ழான் தெ தூர்ன் 1557இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த அசல் தாள் என்றும், நீராடும் வேட்டைத் தேவதை டயானாவைப் பார்த்துவிட்ட வேடன் ஆக்டியோன் மானாக மாறும் காட்சியைக் காட்டும் செப்புத்தகட்டு அச்சு என்றும் விளம்பரம் கூறியது. ‘செப்புத்தகடு’ என்ற சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும். அந்நூலின் 178 படங்களும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. ஆனால் உடலெல்லாம் மனிதனாகவே இருக்க, கழுத்துக்கு மேல் மட்டும் கொம்பு முளைத்த மான் தலையோடு அவன் திகைத்து நிற்கும் அந்தப் பாதி மாற்றத்தில் மயங்கி, அளவைக்கூட நான் கேட்கவில்லை. சாலமோனின் படங்கள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியவை. எனக்கு வந்ததோ உள்ளங்கையையே மறைத்தது.

படச்சட்டத்தைக் கழற்றியபோது தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அசல் நூலில் இருபுறமும் அச்சு உண்டு; ஒவ்வொரு பக்கத்திலும் படமும் அதன்கீழ் எட்டு வரிப் பிரெஞ்சுச் செய்யுளும் இருக்கும். படத்தைச் சுற்றிச் செவ்வகமாக அமுங்கியிருந்த தகட்டுத் தடம் அதைவிட வேடிக்கையானது. ஈரத்தாளைச் செப்புத்தகட்டின்மேல் வைத்து உருளையால் அழுத்தும்போதுதான் அத்தடம் விழும். எழுத்துகளோடு சேர்த்தே அச்சேறும் மரக்கட்டைக்கு அது வராது. பழமை தோன்றவேண்டும் என்று யாரோ அதைத் தனியாக அழுத்தியிருக்கிறார்கள்.

நூலகம் ஒன்றின் டிஜிட்டல் படியோடு ஒப்பிட்டபோது காட்சி முழுவதும் இடவலமாக மாறியிருந்தது. சாலமோனின் படங்களைப் பார்த்து ஜெர்மானிய ஓவியர் விர்ஜில் சோலிஸ் உருவாக்கி, அவர் இறந்த மறுவருடம், 1563இல், பிராங்க்பர்ட்டில் வெளிவந்த படங்கள்தாம் பெரும்பாலும் இப்படிக் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். அப்படியானால் சோலிஸின் தாளாவது கிடைத்ததே என்று அரைமணி நேரம் ஆறுதலடைந்தேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கோடுகள் அனைத்தும் இக்கால அச்சு இயந்திரத்தின் நுண்புள்ளிகளாகச் சிதறின.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சட்டத்தைக் கழற்றிய பொருளை ஏற்பதில்லை என்று பதில் வந்தது. கழற்றாமல் பின்பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்ற என் கேள்விக்கு இன்றுவரை மறுமொழி இல்லை. ஆகவே, சட்டமில்லாத நிலையில் இருபக்கப் படங்களையும் மில்லிமீட்டர் அளவையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறாமல் இத்தகைய தாளுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அதே விற்பனையாளரின் பட்டியலில் இப்போது மரமாக மாறிக்கொண்டே விரல்நுனிகளில் இலை துளிர்க்கும் டாப்னி என்ற கன்னி ஒருத்தி இருக்கிறாள். விவரம் சொல்லுக்குச் சொல் அதேதான், சுற்றிலும் தகட்டுத் தடமும் தெளிவாகத் தெரிகிறது.