ஹாலில் லேசான பீம் வைத்த கட்டக் கூரை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 2019-ல் ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கி வேலை பார்த்தபோது, ஹால் கூரையை பாலியூரிதேன் (இறுகிய நுரை போன்ற லேசான பிளாஸ்டிக்) பீம்களால் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். கடையில் இதை காஃபர்ட் சீலிங் என்பார்கள். இன்றுவரை ஒரு பீமும் தொங்கவில்லை, வளையவில்லை. இடையில் ஒரு பகுதியைக் கழற்றி மறுபடி மாட்டவும் வேண்டியிருந்தது, அதுவும் சேதமில்லாமல் முடிந்தது. என்ன பொருள் வாங்குகிறோம் என்பதைவிட எப்படி மாட்டுகிறோம் என்பதுதான் இதில் பெரிய விஷயம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

என் மனைவிக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். பர்மா தேக்கு உத்திரங்களைப் பார்த்து வளர்ந்தவள், வெறும் வெள்ளை ஸ்லாபைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்றாள். எனக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரக்கூரை மேல் தீராத ஆசை. ஆனால் அந்த வீடுகளில் உத்திரம்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. ரோமில் இருக்கும் பழங்காலக் கோயிலான பாந்தியானின் குவிமாடத்திலும் இதே போல வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசைக் கட்டக் குழிகள் உண்டு. அவை கான்கிரீட்டின் எடையைக் குறைக்கவும் உதவுகின்றன. நம் ஃபிளாட்டில் கதை தலைகீழ். பீம் எதையும் தாங்காது, அதையும் சேர்த்து ஸ்லாப்தான் தாங்க வேண்டும். அதனால் எடை குறைந்த பொருள் என்பது முதல் நிபந்தனை.

சித்தையா ரோட்டில் கடை கடையாக ஏறி விசாரித்தோம். ஆறு அங்குல அகலம், நான்கு அங்குல ஆழத்தில் முழுத் தேக்கு என்றால் ஓர் அடிக்கே சுமார் மூன்று கிலோ வரும். ப்ளைவுட் பெட்டி செய்து மேலே வெனீர் என்ற மெல்லிய மரத்தோலை ஒட்டலாம். பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஆசாரி கையில் உருவாக வேண்டும், பெங்களூரின் பிப்ரவரி வறட்சிக்கும் மழைக்கால ஈரத்துக்கும் நடுவே மூட்டுகள் அசையும். தெர்மாகோல் பீம் மலிவு, விரல் பட்டால் பள்ளம். பாலியூரிதேன் பீம் உள்ளே வெற்றாக, மூன்று பக்கம் மட்டும் உள்ள தொட்டி வடிவில் வருகிறது. பத்தடித் துண்டை ஒரே ஆள் தூக்கிப் பிடிக்கலாம். ஈரத்துக்கு உப்பாது, கரையானுக்குத் தீனியும் ஆகாது. விலை, ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்குக்கு எங்களுக்குச் சொன்ன தொகையைவிடக் கூடுதல்தான்.

ஜிப்சத்தை வேண்டாம் என்றதற்குக் காரணம் உயரம். எங்கள் ஹால் தரையிலிருந்து ஸ்லாப் வரை ஒன்பதரை அடி. ஜிப்சம் போட்டால் அரை அடி மொத்தமாகப் போய்விடும். பீம் நேரடியாக ஸ்லாபிலேயே உட்கார்ந்தால் பீம் வரும் இடத்தில் மட்டும் நான்கு அங்குலம் குறையும், கட்டத்துக்குள் ஒன்பதரை அடி அப்படியே இருக்கும். அறை தாழ்ந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

இனி கட்டம் பிரிக்கும் கணக்கு. இதில் பலர் இணையத்தில் வரும் வெளிநாட்டுப் படத்தைக் காட்டி அதையே கேட்கிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் நம்மூர் ஃபேன் இருப்பதில்லை. நம் ஸ்லாபில் ஃபேன் கொக்கி கட்டும்போதே கான்கிரீட்டில் பதிந்துவிட்டது, அதை நகர்த்த முடியாது. ஹால் 16க்கு 12 அடி, கொக்கி சரியாக நடுவில். நான்குக்கு மூன்று என்று பிரித்தால் நான்கடிச் சதுரமாக அழகாக வரும், ஆனால் நடுப் பீம் கொக்கி மேலேயே விழும். எனவே மூன்றுக்கு மூன்று. சுவரோரம் மூன்று அங்குல அரைப் பீம், குறுக்கும் நெடுக்கும் இரண்டிரண்டு ஆறு அங்குலப் பீம். கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் 58க்கு 42 அங்குலம். ஃபேன் இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டமோ 48 அங்குலம், அதாவது கட்டத்தின் அகலத்தைவிடப் பெரியது! ஆகவே இறக்கை பீமுக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். வழக்கமான ராடில் இறக்கை ஸ்லாபிலிருந்து ஓர் அடி கீழே நிற்கும். நான்கு அங்குல பீம் என்பதால் இடையில் எட்டு அங்குலம் காற்றுக்குக் கிடைக்கிறது. எட்டு அங்குல ஆழப் பீம் கம்பீரமாக இருக்கும் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். அதை வைத்திருந்தால் ஃபேனுக்கு மேலே காற்று இழுக்க இடமே இருந்திருக்காது. ஃபேனை வைத்துக் கட்டத்தைப் பிரியுங்கள், கட்டத்தைப் பிரித்துவிட்டு ஃபேனுக்கு இடம் தேடாதீர்கள்.

மாட்டும் முறைக்கு வருகிறேன். பீமின் உள்வெற்றுக்குள் சரியாக நுழையும் அகலத்தில் மரக்கட்டைகளை முதலில் ஸ்லாபில் ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும். பீமின் திறந்த பக்கம் மேலே இருக்க, அந்தக் கட்டையை மூடும்படி ஏற்றி, பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டு, ஸ்க்ரூவின் தலையை உள்ளே அமுக்கி மேலே ஃபில்லர் பூச வேண்டும். இவ்வளவுதான். ஆனால் வேலைக்கு வந்தவர் கட்டை முழுக்கப் பசையை அப்பத் தயாராக இருந்தார்.

“பசை போட்டா பாறை மாதிரி நிக்கும் சார், ஸ்க்ரூவே வேணாம்.”

“நிக்கும்ணே. நாளைக்கு மேல் வீட்டுல தண்ணி கசிஞ்சா எப்படிக் கழட்டுறது?”

அவர் தருமபுரிக்காரர், பல வருடமாக பெங்களூரில் வேலை செய்கிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார்: நெடுக்குப் பீம்களை ஓடவிட்டு, குறுக்குத் துண்டுகளை இடையில் செருகலாம், செருகிய துண்டுகளுக்குப் பசையே வேண்டாம். நெடுக்குப் பீமின் இணைப்புகளும் குறுக்குத் துண்டு வந்து முட்டும் சந்தில்தான் விழுந்தன. கட்டத்தின் நடுவில் இணைப்பு விழுந்தால் எவ்வளவு தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

துளை போடும் முன் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். புதிய அடுக்ககங்களில் சில, இழுத்து விறைப்பாக்கிய எஃகுக் கேபிள் ஓடும் போஸ்ட்-டென்ஷன் ஸ்லாப். கேபிள் வரைபடத்தைப் பார்க்காமல், அசோசியேஷனைக் கேட்காமல் அதில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. எங்களுடையது சாதாரண ஆர்சிசி ஸ்லாப்தான். அதிலும் ஸ்விட்ச் போர்டிலிருந்து ஃபேனுக்குப் போகும் வயருக்கான கன்ட்யூட் பைப் உள்ளே ஓடுகிறது. வயர் இருக்கும் இடம் காட்டும் டிடெக்டரை வைத்துப் பார்த்து, தருமபுரிக்காரர் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டுதான் ட்ரில்லரைக் கையில் எடுத்தார். பீம் லேசு என்பதால் சின்ன ஸ்க்ரூவே போதும், ஆழமாகத் துளைக்கத் தேவையில்லை.

பயந்தபடியே ஒரு மழைக்காலத்தில் மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, பால்கனிப் பக்கக் கட்டத்தில் பழுப்பு வட்டம் விழுந்தது. ஃபில்லரைச் சுரண்டி, ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு குறுக்குத் துண்டையும் அரைப் பீமையும் இறக்கிவைத்தோம். மேலே குழாயைச் சரிசெய்து, ஸ்லாப் நன்றாகக் காயும்வரை அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. பிறகு அதே பீமை அதே இடத்தில் மாட்டினோம். மரக்கட்டை ஒன்று கறுத்திருந்ததால் மாற்றினோம்; பீமைத் துடைத்ததோடு சரி. எதிர் ஃபிளாட்டில் இதே போன்ற கசிவுக்கு ஜிப்சம் பலகையை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள்.

குறையும் உண்டு. பீமும் ஸ்லாபும் சேரும் கோட்டில் முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல் தெரிந்தது. இரண்டு பொருளும் சூட்டுக்கு வேறு வேறு அளவில் நீண்டு சுருங்குவதால் இது வரத்தான் செய்யும். புட்டி வைத்து அடைத்தால் மறுபடி வெடிக்கும். பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட்தான் சரி. சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. பெயின்ட் அடிக்காமல் விட்டால் பாலியூரிதேன் வெயிலில் மஞ்சளாகும் என்பதால் எங்கள் பீம்களுக்கும் கூரையின் வெள்ளையையே அடித்தோம். மரநிறம் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். போலி மர ரேகையை ஒன்பதரை அடி உயரத்தில் தினமும் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. வெள்ளையில் நிழல்தான் கட்டத்தைக் காட்டுகிறது, சாயங்கால வெளிச்சத்தில் அது அற்புதமாக இருக்கிறது.

பீமுக்குள் வயர் ஓட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பாலியூரிதேன் எரியக்கூடிய பொருள், எரிந்தால் நச்சுப்புகை வரும். ஆகவே வயர் எல்லாம் கன்ட்யூட்டுக்குள், பீமுக்குள் ஒரு ஜாயின்ட்கூட இல்லை. எல்இடி விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் ட்ரைவர் சூடாகும் பொருள். அதைக் காற்றோட்டமாக, கை எட்டும்படி டிவி யூனிட்டுக்கு மேலே வைத்தோம். அதை பீமுக்குள் ஒளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தினசரிப் பராமரிப்பு என்றால் ஒட்டடைதான். ஒன்பது கட்டத்துக்கு 36 மூலை, சிலந்திக்கு 36 வீடு. மூங்கில் கம்பு முனை இடித்தால் பீமில் தழும்பு விழும், மென்மையான பிரஷ் உள்ள கம்பு போதும். ஹாலில் பேச்சு எதிரொலிப்பது முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மேல் வீட்டு நாற்காலிச் சத்தம் துளியும் குறையவில்லை.

ஒன்பது அடிக்குக் குறைந்த உயரமுள்ள அறைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாடகை வீட்டுக்கும் வேண்டாம், துளைகளை அடைத்துத் தருவது தனி வேலை. எங்கள் படுக்கையறைக்கும் போடலாமா என்று மனைவி கேட்டாள். பத்துக்குப் பத்து அறையில் ஃபேனைச் சுற்றிக் கட்டம் அடங்காது என்பதால், அங்கே சுவரோரம் அரைப் பீம் மட்டும் ஒரு சுற்று ஓட்டினோம். அதுவும் ஸ்க்ரூவில்தான்.