உடற்பயிற்சி கேஸட்டுகளை டிவிடிக்கு மாற்றினேன், எல்லாவற்றையும் அல்ல

போன மாதம் ஒரு நாள் காலையில், வார்ம் அப் முடிந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்த நேரத்தில் வீடியோ டெக்குக்குள் டேப் சிக்கிக்கொண்டது. முதலில் பாட்டு இழுத்தது, அப்புறம் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணின் முகம் இடுப்போடு ஒட்டிக்கொண்டது, அப்புறம் திரை நீலம். எஜெக்ட் அழுத்தினால் கேஸட் மட்டும் வெளியே வருகிறது, டேப் உள்ளேயே மாட்டிக்கொண்டு வால் மாதிரி தொங்குகிறது. மேல்மூடியைக் கழற்றி, விரல் ரேகை படாமல் அதை விடுவித்து, மறுபடி சுற்றி முடிக்க முக்கால் மணி நேரம். ஆடியோ கேஸட் மாதிரி பென்சிலைச் சொருகிச் சுற்ற முடியாது; அடிப்பக்கம் நடுவில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் பேனா முனையை விட்டு அழுத்திப் பிடித்தால்தான் சக்கரத்தின் பூட்டு விடும். ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் சுற்ற வேண்டும். அன்றைக்கு அதுதான் என் உடற்பயிற்சி.

என்னிடம் இப்படி 14 கேஸட்டுகள் இருக்கின்றன. இன்னுமா கேஸட் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு அந்தப் பயிற்சிகள் மனப்பாடம், அடுத்து என்ன என்று யோசிக்காமலே கால் தானாகப் போகும், புதிதாக ஒன்றை உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பொறுமை காலை 6 மணிக்கு எனக்குக் கிடையாது. ஜேன் ஃபோண்டா 1982ல் வெளியிட்ட வீடியோவுக்குப் பிறகு இந்த வகைக் கேஸட்டுகள் வரிசையாக வந்தன, டிவிடி 1996 கடைசியில் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது, ஆகவே பழையதெல்லாம் எப்போதோ டிவிடியாக வந்திருக்கும் என்று நம்பித் தேட ஆரம்பித்தேன். 14ல் 9 தான் கிடைத்தது. அதில் 6 வாங்கினேன், ஒன்றைத் திருப்பி அனுப்பினேன், மீதி ஐந்தையும் ஆறு வாரமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் இருக்கும் விஎச்எஸ் வகை வீடியோ கேஸட்டில் தெரியும் நுணுக்கம் சுமார் 240 கோடு, டிவிடியில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் குனிந்து நிமிர்ந்துகொண்டு இருப்பவன் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கப் போகிறான்? ஒரே ஒரு இடத்தில் உதவியது. ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது) செய்யும்போது முழங்கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இத்தனை வருடம் நான் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தேன். கேஸட்டில் கறுப்புக் கால்சட்டையும் பின்னால் இருக்கும் கருநீலத் திரையும் ஒன்றாகக் கரைந்து கிடந்ததில் சொல்லித்தருபவரின் முழங்காலையே நான் சரியாகப் பார்த்ததில்லை. டிவிடியில் தெரிந்தது: முழங்கால் பாத விரல்கள் இருக்கும் திசையிலேயே போகிறது, என்னுடையதைப் போல உள்பக்கம் சாயவில்லை.

நிறுத்தி நிறுத்திச் செய்பவர்களுக்கு டிவிடிதான், இதில் பேச்சே வேண்டாம். கேஸட்டில் பாஸ் போட்டு நிறுத்தினால் படம்தான் நிற்கும், உள்ளே டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட் நிற்காது. அது பொருத்தியிருக்கும் உருளை நிமிடத்துக்கு 1500 அல்லது 1800 தடவை சுற்றிக்கொண்டு அதே துண்டு டேப்பையே தேய்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு டெக் தானே ஸ்டாப் ஆகிவிடுகிறது. என் பழைய கேஸட் ஒன்றில், லஞ்ஜ் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்குவது) பகுதி முடிந்து பக்கவாட்டில் திரும்பும் இடத்தில், குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல் ஓடும். கொஞ்ச நாள் அதை டெக்கின் கோளாறு என்று நினைத்து படத்தைச் சரிசெய்யும் ட்ராக்கிங் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, தினமும் நான் தண்ணீர் குடிக்க நிறுத்துகிற இடம் அது. என் தாகம் போட்ட கோடு.

ஆனால் இதே கேஸட் செய்கிற ஒரு நல்ல காரியத்தை டிவிடி செய்வதில்லை. எங்கே நிறுத்தி எடுத்தோமோ அங்கேயே கிடக்கும், ஒரு வாரம் கழித்து வேறு டெக்கில் போட்டாலும் அங்கிருந்தே ஓடும். என் டிவிடி பிளேயர், டிவிடித் தட்டை வெளியே எடுத்த உடனே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. மறுபடி போட்டால் எச்சரிக்கை வாசகம், நிறுவனத்தின் முத்திரைப் படம், மற்ற டிவிடிகளுக்கு விளம்பரம், அதற்கப்புறம் மெனு. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போக ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் திரை ஓரத்தில் ஒரு தடைக் குறிதான் வருகிறது. அந்த இடத்தில் பட்டன் வேலை செய்யக் கூடாது என்று தட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கேஸட் என்றால் தள்ளி விட்டால் போதும், ஓட ஆரம்பித்துவிடும். அரைத் தூக்கத்தில் எழுந்து வருகிறவனுக்கு மெனுவில் அம்புக்குறியை நகர்த்தும் அந்த ஒரு நிமிடம் ஆபத்தானது. அதில்தான் சோபாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

சாப்டர் வசதிதான் டிவிடியின் பெரிய பெருமை, வாங்கும்போது நானும் அதற்காகத்தான் வாங்கினேன். வார்ம் அப், கால், கை, வயிறு, ஸ்ட்ரெச்சிங் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறது. நேரமில்லாத நாளில் 20 நிமிடத்தில் வேண்டியதை மட்டும் செய்துவிட்டுப் போகலாம். சில தட்டுகளில் அவர்களே பகுதிகளை வேறு வேறு வரிசையில் கோத்து, குறுகியது, நீளமானது என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அருமைதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்த ஆறு வாரத்தில் வயிற்றுப் பயிற்சியை நான் முழுசாகச் செய்தது நாலைந்து தடவைதான். கேஸட்டில் அதைத் தாண்ட வேண்டுமென்றால் ஃபார்வர்ட் போட்டு, தாண்டிப் போய், திரும்ப ரீவைண்ட் செய்து, சரியான இடத்தைப் பிடிப்பதற்குள் அந்தப் பயிற்சியையே செய்துவிடலாம் என்று தோன்றும், செய்துவிடுவேன். இப்போது ஒரு பட்டன். ரிமோட்டை விரிப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பார்த்தேன், எழுந்து போய் எடுத்தேன். என்னைப் போன்ற சோம்பேறிகள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியதிலேயே எனக்குப் பிடித்தது, எதிர்பார்க்காத ஒன்று. ஒரு டிவிடியில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தன, ஒன்றில் பாட்டும் பேச்சும், இன்னொன்றில் பாட்டு மட்டும். இதே பயிற்சியைக் கேஸட்டில் சில நூறு தடவை செய்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் பதினோராவது நிமிடத்தில் அதில் பயிற்சி சொல்லித்தரும் மனிதர் அதே ஜோக்கைச் சொல்லி அதே மாதிரி சிரிப்பார், பின்வரிசையில் ஒருவர் அதே மாதிரி தலையை ஆட்டுவார். ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தினேன், மனிதர் வாயசைத்தார், சத்தம் வரவில்லை. இதற்காக மட்டுமே அந்த டிவிடிக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தயார். பெட்டியின் பின்பக்கம் இந்த விவரம் போட்டிருக்கும், வாங்குமுன் பாருங்கள்.

எரிச்சல் மூட்டிய தட்டும் உண்டு. இரண்டு பயிற்சிகளைச் சேர்த்து ஒன்றாக வெளியிட்டது, 8.5 ஜிபி இரண்டடுக்குத் தட்டு. லேசர் ஒரு அடுக்கை முடித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போகும் இடத்தில் படமும் பாட்டும் ஒரு கணம் உறையும். உட்கார்ந்து சினிமா பார்க்கிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அது வந்தது ஜம்பிங் ஜாக் நடுவில். பாட்டு நின்றது, நான் காற்றில் இருந்தேன், இறங்கும்போது தாளம் தப்பி அந்த எட்டு எண்ணிக்கையே போய்விட்டது. இரண்டாம் அடுக்குக்குப் போகும் இடத்தைப் பகுதிகளுக்கு நடுவில் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது, யோசிக்கவில்லை.

இப்போது நான் திருப்பி அனுப்பிய கதை. அட்டையில் அதே படம், அதே பெயர். போட்டுப் பார்த்தால் திரையின் அடியில், கடைசி விளிம்பில், மெல்லிய கோடுகள் நெளிந்துகொண்டிருந்தன. கேஸட் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நெளிவு தெரியும், டெக்கில் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடத்தில் வருவது அது. அதாவது ஒளிப்பதிவின் மூலப் பிரதியிலிருந்து எடுக்காமல், யாரோ ஒரு விஎச்எஸ் கேஸட்டை ஓட்டி அதையே டிவிடியில் பதிந்து விற்றிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் கேஸட்டே அதைவிடச் சுத்தமாக ஓடுகிறது, பிறகு எதற்கு இது? விற்றவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, பேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார், அதுவரைக்கும் நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பெயரில் புதிதாக எடுத்த பதிப்பு வரலாம், சில பகுதிகளை வெட்டியும் வரலாம். அட்டையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை உங்கள் கேஸட்டின் கணக்கோடு ஒப்பிட்டால் பாதி குழப்பம் தீரும். வேறு நாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் மண்டல எண்ணையும் பாருங்கள், உலகத்தை ஆறாகப் பிரித்து எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள், உங்கள் பிளேயருக்கு ஒத்துப்போகாத தட்டு ஓடாது.

நாமே பதிந்துகொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, டெக்கையும் டிவிடி ரெக்கார்டரையும் வயரால் இணைத்தேன். ஒரு கேஸட்டில் படம் பளிச்சென்று ஏறி, இருட்டாகி, மறுபடி ஏறி, பேய்ப் படம் மாதிரி வந்தது. இன்னொன்றில் ரெக்கார்டர் பதியவே மறுத்துவிட்டது. கடையில் விற்ற பல கேஸட்டுகளில் இப்படி நகலெடுக்க விடாத தடுப்பு சேர்த்திருந்தார்கள், பழுது என்று நினைத்து வயரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தடுப்பு இல்லாதவை நன்றாகவே பதிவாகின்றன, ஆனால் ஒரு மணி நேரக் கேஸட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்டிப் பதிய வழியில்லை. வீட்டில் பதியும் தட்டும் கடையில் வாங்கும் தட்டும் ஒன்றல்ல. கடையில் வருவது அச்சில் அழுத்திச் செய்தது, நாம் பதிவது சாயப் பூச்சில் லேசரால் எழுதுவது, வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் அந்தச் சாயம் வீணாகும். ஆகவே இரண்டு பிரதி.

வியர்வைக் கையோடு தட்டைத் தொடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துடைத்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தகவல் எழுதியிருக்கும் தடம் வட்டமாக ஓடுவதால், வட்டமாக விழும் கீறல்தான் தொடர்ச்சியாகத் தகவலை அழிக்கும். குறுக்கே விழுவதைப் பெரும்பாலும் பிளேயரே சமாளித்துவிடும். நான் முதல் வாரமே சட்டை நுனியால் வட்டமாகத் துடைத்து ஒன்றில் பல்லாங்குழி ஆடிவிட்டேன், கால் பயிற்சிப் பகுதியில் ஒரு இடத்தில் தத்தித் தத்தித்தான் போகிறது.

சரி, மாற்றலாமா? படத்துக்காக என்றால் அவசரமில்லை. டெக்குக்காக என்றால் யோசிக்கத்தான் வேண்டும். கடைசி வரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது, இனி கிடைப்பதெல்லாம் பழையதுதான். கேஸட் நன்றாக இருந்தும் ஓட்ட ஆளில்லாமல் போகிற நாள் வரும். டிவிடி டிரைவும் புது லேப்டாப்புகளில் இல்லாமல் போய்விட்டது உண்மைதான், ஆனாலும் தட்டை ஓட்ட இன்றைக்கும் நாலு வழி இருக்கிறது.

நான் செய்தது இது. ஒரு மாதம் கேஸட் பெட்டிகளின் மேல் பென்சிலால் ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரு கோடு போட்டேன். 14ல் 7 பெட்டியில்தான் கோடு விழுந்தது. அதில் ஐந்து டிவிடியாகிவிட்டன. டிவிடியாக வராத இரண்டுக்கும் தடுப்பு இல்லை, அடுத்த வாரம் பதியப் போகிறேன். மீதி ஏழும் அலமாரியிலேயே இருக்கட்டும், அதில் மூன்றை டிவிடியில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கப் பார்த்த என்னை நானே தடுத்துவிட்டேன். தொடாத கேஸட்டை வாங்கி வைத்தால் அது தொடாத டிவிடி ஆகும், ஒரு அங்குலப் பெட்டிக்குப் பதில் அரை அங்குலப் பெட்டியில் தூசி படியும், அவ்வளவுதான். டெக்கின் ஹெட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன், அந்த இரண்டு பதிவும் முடியும் வரை இன்னொரு தடவை சிக்காமல் இருந்தால் போதும்.