டைனமோ மாற்றியும் அணையாத விளக்குகள்: ஒரு பழைய டீசல் காரோடு சில வருட அனுபவம்

என்னுடையது 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக். சென்னை மழைத் தண்ணீரிலும் பள்ளத்திலும் உழன்று ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் எலக்ட்ரிகல் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கையை விரிக்கும். பேட்டரி, டைனமோ (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் இப்படிச் சொல்கிறோம்), முன்சக்கர ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார் எல்லாம் மாற்றியாகிவிட்டது. சாமான் வாங்கும் செலவைவிட, மாற்றிய பிறகு டேஷ்போர்டில் எரியும் விளக்கின் பின்னால் அலைவதுதான் பெரிய செலவு. அதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டைனமோ. பேட்டரி விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் ரீகண்டிஷன் செய்த ஆல்டர்னேட்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். பேட்டரி விளக்கு போய்விட்டது. ஆனால் ராத்திரி நேரத்தில், ஏசி ஓட, ஹெட்லைட் எரிய, பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் போதும்: ஸ்டீயரிங் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்தே எரியும், ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். வண்டியை ஆஃப் செய்து போட்டால் சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 14.1 வோல்ட். “சார்ஜிங் பக்கா சார், ஏபிஎஸ் மாட்யூல்தான் போயிருக்கு” என்று ஒரு தொகை சொன்னார்கள். கேட்டதும் எனக்கே ஸ்டீயரிங் மாதிரி கனத்தது.

எனக்கு இடித்தது ஒன்றே ஒன்று. ஸ்டீயரிங் மோட்டாரும் ஏபிஎஸ்ஸும் தனித்தனி அமைப்புகள். இரண்டும் ஒரே நொடியில் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவானதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கரண்ட் வரும் வழியும் திரும்பிப் போகும் வழியும்தான். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், வண்டி நின்ற இடத்தில் திருப்பும்போதுதான் அதிகமாக இழுக்கும், பல பத்து ஆம்பியர் வரை. அந்த நேரத்தில் வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே சரிந்தால், கன்ட்ரோல் யூனிட் தானாகவே ஒதுங்கிக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். யூனிட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சாப்பாடு வரவில்லை என்று அர்த்தம்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், வயதானவர். அவர் செய்தது மிக எளிமையான சோதனை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையைப் பாடியின் வெறும் இரும்பிலும் வைத்தார். என்ஜின் ஓட, எல்லா லைட்டும் ப்ளோயரும் போட்டு, என்னை ஸ்டீயரிங் திருப்பச் சொன்னார். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. ஒரு வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) போல்ட் துரு மேலேயே இறுக்கப்பட்டிருந்தது. டைனமோ மாற்ற பேட்டரியையும் ட்ரேயையும் கழற்றியவர்கள் சுத்தம் செய்யாமல் அப்படியே மாட்டியிருக்கிறார்கள். “டைனமோ புதுசு சார், எர்த் பழசுதானே?” என்றார். எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினார். அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் மாட்யூல் விலை சொன்னவர்கள் சிரிப்பார்கள். அந்த ஜோடி விளக்கு அதன்பிறகு வரவில்லை.

பேட்டரி முனையில் 14 வோல்ட் இருப்பதால் வண்டி முழுக்க 14 வோல்ட் இருக்கிறது என்று நம்பக்கூடாது. பாசிட்டிவ் பக்கத்தையும் இதேபோல் பார்க்கலாம்: டைனமோவின் பி முனைக்கும் (கரண்ட் வெளியே வரும் முனை) பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே, லைட், ப்ளோயர் என்று லோடு போட்டு. என்ஜின் ஆஃபில் 12.6 இருந்தால் பேட்டரி முழுசாக இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் புது வண்டிக்காரர்கள் 14 வோல்ட் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் சீராக ஓடும்போது வோல்டேஜை ஈசியூவே (என்ஜின் கம்ப்யூட்டர்) வேண்டுமென்று 13க்குக் கீழே கூட இறக்கும். நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி போல ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தால் அந்த வகையாக இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: சாவியை ஆன் செய்து என்ஜின் ஸ்டார்ட் ஆகாத நிலையில் பேட்டரி விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பழைய வகை ஆல்டர்னேட்டர்களில் அந்த விளக்கின் ஒயர் வழியாகத்தான் முதல் தூண்டுதல் போகிறது. அது அறுந்திருந்தால் புது டைனமோவும் சார்ஜ் ஏற்றாமல் சும்மா சுற்றும்.

இந்த அலைச்சலுக்குப் பிறகு எல்ம்327 ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கினேன்; வண்டியின் சாக்கெட்டில் செருகி, போன் செயலியில் விவரம் பார்க்கும் சாதனம். இந்தியாவில் 2013 ஏப்ரலில் இருந்து கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் அமைப்பு) கட்டாயம். அதனால் என் வண்டியில் சிக்கல் இல்லை. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் நகல்தான். என்னுடையதும் அப்படித்தான், இருந்தாலும் செக் என்ஜின் விளக்கின் பிழைக் குறியீட்டைப் படிக்க, ஓடும்போது வோல்டேஜ் பார்க்கப் போதும். யு0121 வந்தால் ஏபிஎஸ் யூனிட்டோடு பேச்சு அறுந்தது, பி0562 வந்தால் வோல்டேஜ் குறைவு. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் வோல்டேஜ் பக்கம்தான் முதலில் போவேன். ஏபிஎஸ், ஏர்பேக் உள்விவரங்களைச் சாதாரண செயலிகள் காட்டாது. அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் வேண்டும். பிழைக் குறியீட்டை அழிப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பேன். அடாப்டரை வண்டியிலேயே விட்டு வைப்பதில்லை. அந்த சாக்கெட்டின் 16ஆம் பின்னில் எப்போதும் கரண்ட் உண்டு. வண்டி பல நாள் நின்றால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும்.

ஏபிஎஸ் சென்சார் கதை சுருக்கம்தான். புது சென்சார் போட்டும் விளக்கு போகவில்லை. உடனே “டூப்ளிகேட் சாமான்” என்று முடிவு கட்ட வேண்டாம். பல வண்டிகளில் சக்கரம் சுற்றி, யூனிட் சரிபார்த்த பிறகுதான் விளக்கு அணையும். ஓட்டிப் பார்த்தும் போகவில்லை. சென்சார் உட்காரும் இடத்தில் துரு பொங்கி இடைவெளி கூடியிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்ததும் அடங்கியது. வீல் பேரிங் மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை: சில பேரிங்குகளில் ஏபிஎஸ் சென்சார் படிக்கும் காந்த வளையம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். திருப்பிப் போட்டுவிட்டால் எந்தச் சென்சாரும் அதைப் படிக்காது.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால், என் வண்டியில் இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினால் போய்விடும். ஏர்பேக் விளக்கில் மட்டும் நான் கை வைப்பதில்லை. ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டர் வைக்கிற ஆட்களிடம் வண்டியை விடவும் மாட்டேன்.

காசு கொடுத்ததில் எனக்குத் திருப்தி தந்த வரிசை: மல்டிமீட்டர், அடாப்டர், அப்புறம்தான் மற்றதெல்லாம். ரீகண்டிஷன் டைனமோவுக்குச் சுமாரான மார்க்தான். சார்ஜிங் இன்றுவரை குறையில்லை. ஆனால் குளிர்ந்த காலையில் பேரிங் லேசாக உறுமத் தொடங்கியிருக்கிறது. அடுத்த முறை விலை கூடினாலும் புதுசாகவே வாங்குவதாக இருக்கிறேன். அப்போதும் எர்த் போல்ட்டை நானே நின்று தேய்க்க வைப்பேன்.