வக்கீல் வைக்க வசதியில்லையா? மூன்று வழிகளில் உங்களுக்கு எது?

வரவேண்டிய பணம் நிற்கிறது, வழக்கு நடத்தக் கையில் காசில்லை. தமிழ்நாட்டில் இந்த நிலையில் இருப்பவருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. எதிலும் பெரிய செலவில்லை. தகராறு எதைப் பற்றியது, எதிராளி பேச்சுவார்த்தைக்கு வருவாரா என்பதைப் பொறுத்தே தேர்வு.

வருவார் என்றால் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்). வழக்கே போடாமல், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். புரோநோட்டு நகலும் எதிராளியின் சரியான முகவரியும் வேண்டும். கோர்ட் கட்டணம் கிடையாது. சமரசமானால் அது சிவில் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன் வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். "தவணையில் தருகிறேன்" என்று மொட்டையாக இருந்தால், பிறகு பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு போடும்போது அல்லாட வேண்டிவரும். "மாதம் 5-ஆம் தேதிக்குள் 10,000 ரூபாய், இன்ன வங்கிக் கணக்கில், இரண்டு தவணை தவறினால் பாக்கி முழுவதும் வட்டியுடன் உடனே" என்று எழுதச் சொல்லுங்கள். எதிராளி வரவே இல்லையென்றால் இந்த மன்றத்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடன் வழக்குக்கான 3 ஆண்டுக் கெடுவோ ஓடிக்கொண்டே இருக்கும். இழுத்தடிப்பவரிடம் சிக்குகிறவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் பெயரில் மட்டுமே ஒத்தது. காப்பீடு, மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில், 1 கோடி ரூபாய் வரையிலான தகராறுகளை எடுக்கும். சமரசம் முறிந்தாலும் தானே தீர்ப்பளிக்கும். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் இதையே முதலில் பரிந்துரைப்போம். ஆனால் ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கும் தகராறு இங்கே வராது; இங்கே மனு போட்டபின் அதே விஷயத்துக்குக் கோர்ட்டுக்கும் போக முடியாது. இங்கும் மேல்முறையீடு இல்லை; அந்த வாய்ப்பு முக்கியம் என்பவர் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகட்டும். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணமில்லை.

நிலத் தகராறு, பாகப்பிரிவினை, பேச்சுக்கே வராத கடன்காரர்: இவற்றுக்கு இலவச வக்கீல்தான். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லை. ஒதுக்கப்பட்ட வக்கீல் பணம் கேட்டாலோ, வாய்தாவுக்கு வராவிட்டாலோ, வழக்கு எண்ணையும் தவறிய தேதிகளையும் குறிப்பிட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வேறு வக்கீல் கேட்கலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.