தண்ணீர்ப் பாடம்: ஒரு பாடவேளையா, ஒரு வாரமா?

நீர்ச் சேமிப்புக்குப் பாடத்திட்டம் எழுத உட்காரும் ஆசிரியருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே பாடவேளையில் விளக்கி முடிப்பது. பூமியின் நீர் முழுவதும் பத்து லிட்டர் வாளி என்றால், நன்னீர் ஏறத்தாழ கால் லிட்டர்தான். அதிலும் பெரும்பகுதி பனிக்கட்டி. இதை வாளியும் குவளையும் வைத்தே காட்டிவிடலாம். தயாரிப்பு குறைவு, தேர்வுக்கும் உதவும்.

மற்றொன்று, ஒரு வாரம் மாணவர்களே பள்ளிக் குழாய்களை அளப்பது. சொட்டும் குழாயின் கீழ் அளவுக்குவளையை வைக்கிறார்கள். 10 நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் சேர்ந்தால், ஒரு நாளில் 14.4 லிட்டர். அந்தப் பெருக்கலைத் தானே போட்ட பிள்ளைக்குக் குழாயைச் சரியாக மூடாமல் போக மனம் வராது. கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடுகிறது! ஆனால் நேரம் பிடிக்கும். பழுதை நீக்கத் தலைமையாசிரியரும் முன்வர வேண்டும். அளந்து சொன்ன பிறகும் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தால், தங்கள் உழைப்புக்கு மதிப்பில்லை என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

என் தேர்வு இரண்டாவதுதான். சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு வாளி போதும். பெருக்கல் தெரிந்தவர்களுக்குப் போதாது. ஒரு வாரம் கிடைக்காவிட்டால் இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்: பழுது நீக்கும் முன் ஒருமுறை அளக்க, நீக்கிய பின் ஒருமுறை அளக்க.