மகனின் தெரபிக்கு இன்சூரன்ஸ் பணம்: பாம்பனிலிருந்து மூன்று வருட அனுபவம்

2022 நவம்பரில் என் வீட்டுக்காரர் போன விசைப்படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று, காற்று தள்ளிய பக்கம் போய்விட்டது. மறுநாள் காலையில் கரைக்கு வர வேண்டியவர்கள் மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தார்கள், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. ஐந்து பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தெருவே நிம்மதியாகத் தூங்கப் போனது. எங்கள் மகன் மட்டும் தூங்கவில்லை. அப்போது அவனுக்கு எட்டு வயது.

முதலில் வயிற்று வலி. அப்பா சாப்பாட்டு வாளியைக் கையில் எடுத்தால் வலி வந்துவிடும். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. பிறகு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றான். வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அப்பா கரைக்கு வந்தாரா இல்லையா என்று தெரியாதாம். காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி, "கூண்டு ஏத்தியிருக்காங்களாம்மா?" பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு போகாது. கூண்டு ஏறிய நாளில் மட்டும் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

என் மாமியார், "பயந்த கோளாறுத்தா. ஏர்வாடிக்குக் கூட்டிப்போயி ரெண்டு ராத்திரி தங்கவச்சா சரியாப் போயிரும்" என்றார். அத்தையின் நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். மனசு சரியில்லை என்றால் எங்கள் கரையில் எல்லா மதத்துக்காரர்களும் ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் கூரை தீப்பிடித்து 28 பேர் இறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள். பெரியவர்கள் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. தர்காவில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கிடைக்கிற அரசு ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். அத்தையிடம், "மந்திரிச்ச கயிறு கட்டுங்க அத்தை, நான் தடுக்கல. டாக்டர்கிட்டயும் காட்டிடுவோம்" என்றேன். சரி என்றார்.

2023 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கே பார்த்த டாக்டர் அவசரப்படவில்லை. பிரிவுப் பதற்றம், அதாவது நெருங்கியவரைப் பிரிந்திருந்தால் வருகிற பயம் என்று சொன்னார், ஓ.பி. சீட்டில் எஃப் 93.0 என்று எழுதினார். பல நாட்டு மருத்துவர்களும் நோய்களுக்குப் பயன்படுத்துகிற குறியீட்டு எண் அது. அன்றைக்கு அது எனக்கு வெறும் எழுத்து. பிறகு மூன்று வருடமாக நான் அனுப்பிய ஒவ்வொரு கிளைமிலும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடினார்கள். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், இந்த வயதுக்குப் பேச்சு வழி சிகிச்சைதான் முதலில், வாரம் அல்லது பதினைந்து நாளுக்கு ஒரு சிட்டிங் வேண்டும் என்றார். குழந்தைகளோடு பழகிய உளவியலாளர் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிடைத்தார். சிட்டிங்குக்கு 900 ரூபாய். பேருந்தில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம்.

எங்களிடம் 2021 மே மாதம் எடுத்த குடும்ப பாலிசி இருந்தது, 5 லட்சம் ரூபாய்க்கு. கொரோனா பயத்தில் எடுத்தது. எனக்கு மண்டபத்தில் ஒரு இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை, அதனால் ரசீதுகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் உண்டு. நாலு சிட்டிங் முடிந்ததும் கிளைம் போட்டேன். பத்து நாளில் நிராகரிப்புக் கடிதம் வந்தது: புறநோயாளி (ஓ.பி.) சிகிச்சை பாலிசியில் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் சட்டத்தைப் படித்திருந்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21, உட்பிரிவு 4: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும். 2018 மே 29 முதல் நடப்பில் உள்ளது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும், 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசிகளும் இதற்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அப்புறம் எப்படி இல்லை என்கிறார்கள்?

அந்தக் கடிதத்தை நாலைந்து முறை படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சட்டம் சொல்வது சமம். என் பாலிசி காய்ச்சலுக்கு ஓ.பி. பார்த்தாலும் பணம் தராது. 24 மணி நேரம் படுக்கையில் சேர்த்தால்தான் தரும். அதே அளவுகோலை மனநலத்துக்கும் வைக்கிறார்கள். மனநோய்க்கு வார்டில் சேர்த்திருந்தால் மறுத்திருக்க முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கான தெரபி என்பது வாராவாரம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. சேர்க்கை கிடையாது, டிஸ்சார்ஜ் சம்மரி கிடையாது. சட்டம் திறந்த கதவு வழியாக இந்த சிகிச்சை நுழைய முடியாமல் நிற்கிறது. இதை மாற்ற வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஓ.பி. இல்லாத பாலிசி குழந்தை மனநலத்துக்குப் பெயரளவில்தான் உதவுகிறது.

2023 மே மாதம் பாலிசியைப் புதுப்பித்தபோது ஓ.பி. செலவுக்கான கூடுதல் காப்பீட்டையும் சேர்த்து எடுத்தோம். வருடத்துக்கு 15,000 ரூபாய் வரை, அதற்குக் கூடுதல் பிரீமியம் 4,600. மே என்பது எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில். கையில் காசு இல்லாத நேரத்தில் பிரீமியம் கட்டுவது எவ்வளவு சிரமம் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெடு தேதிக்குப் பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் கட்டினால், சில நோய்களுக்குப் பணம் கிடைக்கத் தொடங்கும் முன் கடக்க வேண்டிய காத்திருப்புக் காலத்தில் இதுவரை சேர்ந்தது வீணாகாது. ஆனால் கட்டாமல் இருக்கிற அந்த நாட்களில் ஏதாவது ஆனால் பாதுகாப்பு இல்லை. அதனால் நகையை வைத்து, தேதிக்குள் கட்டினேன்.

அந்தப் படிவத்தில் மகனின் நோயை எழுதப் போனபோது ஏஜென்ட், "எழுதாதீங்கக்கா, பின்னாடி தொல்லை" என்றார். எழுதினேன். மருத்துவச் சீட்டின் நகலையும் வைத்தேன். 90 நாள் காத்திருப்பு போட்டார்கள், அவ்வளவுதான். மறைத்திருந்தால் அதையே காரணமாகச் சொல்லி எல்லாக் கிளைமையும் நிராகரித்திருக்கலாம். பிள்ளைக்கு என்ன நோய் என்று சொல்ல வெட்கப்படுகிற இடத்தில்தான் நிறையக் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன.

காத்திருப்பு முடிந்து அனுப்பிய முதல் கிளைமில் டாக்டர் கட்டணம் வந்தது, தெரபி கட்டணம் வரவில்லை. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, உளவியலாளர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவர் அல்ல. இரண்டு, கவுன்சலிங் பாலிசியில் இல்லை.

ரசீதை எடுத்துப் பார்த்தேன். அரைப் பக்கத் துண்டுச் சீட்டு. "கவுன்சலிங் கட்டணம் 900" என்று பேனாவில் எழுதி, கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். உள்ளே நடந்ததோ வேறு. அந்த உளவியலாளர் அம்மா என் மகனோடு சேர்ந்து ஒரு நோட்டில் பத்துப் படிக்கட்டு வரைந்திருந்தார். முதல் படியில் அப்பா தெருமுனைக் கடைக்குப் போகிறார், இவன் வீட்டில் இருக்கிறான். நாலாவது படியில் அப்பா மண்டபம் போய் வருகிறார், இவன் போன் பண்ணக் கூடாது. பத்தாவது படியில் அப்பா ராத்திரிக் கடலுக்குப் போகிறார், இவன் தன் பாயில் தூங்குகிறான். ஒவ்வொரு படியிலும் பயம் பத்துக்கு எவ்வளவு என்று அவனே மார்க் போட வேண்டும். இதற்கு சி.பி.டி. என்று பெயர், எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றுகிற முறையான சிகிச்சை. ரசீதில்தான் அது இல்லை.

மதுரையில் கேட்டபோது அவர்களே ஆச்சரியப்பட்டார்கள், இதுவரை யாரும் கேட்டதில்லையாம். அடுத்த முறையிலிருந்து பில் மருத்துவமனையின் பெயரில், வரிசை எண்ணோடு, செய்த சிகிச்சையின் பெயரோடு வந்தது. உளவியலாளரின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணும் அதில் இருந்தது. மனநல மருத்துவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கினேன்: நோயின் பெயர், குறியீட்டு எண், எந்த சிகிச்சை, எத்தனை சிட்டிங், யாரிடம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்துக்கொண்டேன். இந்த ஒரு கடிதம் மற்ற எல்லாத் தாள்களையும் விடப் பெரியது.

நிராகரித்த கிளைமுக்கு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். மருத்துவ உளவியலாளர் மனநலச் சட்டத்தின்படியே மனநல வல்லுநர் என்பதையும், டாக்டர் எழுதித் தந்த சிகிச்சை இது என்பதையும் சொன்னேன். பழைய கடிதத்தையே மறுபடி அனுப்பினார்கள். அப்புறம் ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்தேன். 155255 என்ற எண்ணில் பேசியும் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னையில் இருக்கிற, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கிற ஆம்புட்ஸ்மேனுக்குப் போக மனுவையும் எழுதி வைத்திருந்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தேவைப்படவில்லை. பத்தொன்பதாம் நாள் போன் வந்தது, புதிய பில்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வருடக் கணக்கு: 22 சிட்டிங்குக்கு 19,800, டாக்டருக்கு 3,600, ஆக 23,400. வந்தது 15,000, உச்சவரம்பு அவ்வளவுதான். கூடுதல் பிரீமியத்தைக் கழித்தால் 10,400 மிச்சம். பேருந்துக் காசை யாரும் தர மாட்டார்கள். வீடியோவில் நடந்த சிட்டிங்குகளை எங்கள் பாலிசி ஏற்கவில்லை. ஒரு பில்லை 30 நாள் கெடு தாண்டி அனுப்பியதால் அதுவும் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம். அது நல்ல செய்தி.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு முதலில் அரசு மருத்துவமனையைத்தான் சொல்கிறேன். செலவில்லாமல் நோயின் பெயர் எழுத்தில் கிடைக்கிறது. ராத்திரியில் பிள்ளை அழுகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். பக்கத்துத் தெருவில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவளுக்கு எங்கள் மாதிரி பாலிசியை விட, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டுத் திட்டம் பொருத்தம். ஒரு லட்சம் வரை, ஓ.பி.யும் தெரபியும் அதிலேயே உண்டு, மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். பதற்றத்துக்கு அது பொருந்தாது, அதனால்தான் எங்களுக்கு இவ்வளவு சுற்று.

தடைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் அந்த 61 நாளும் மகன் அருமையாக இருந்தான். குணமாகிவிட்டது என்று சிட்டிங்கை நிறுத்தப் பார்த்தோம். உளவியலாளர்தான், "அப்பா வீட்ல இருக்கார், அதான். ஜூன்ல பாருங்க" என்று தடுத்தார். ஜூனில் பள்ளிக்கூடமும் திறந்தது, படகும் இறங்கியது, வயிற்று வலியும் வந்தது. நாலாவது படியிலிருந்து மறுபடி ஏறினோம். அடுத்த வருடங்களில் ஏப்ரலிலேயே ஜூனுக்கான சிட்டிங்குகளைப் பதிந்துவிட்டேன்.

இப்போது அவனுக்கு பதினொன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மட்டும் போகிறோம். போன சிட்டிங்கில் பத்தாவது படிக்கு மூன்று மார்க் போட்டான். அந்த 900 ரூபாய் பில் பன்னிரண்டாம் நாள் கணக்கில் ஏறியது.