காதுக் கருவி: கடையா, ஆடியாலஜிஸ்டா?

அப்பாவுக்காக இரண்டு இடத்திலும் ஏறி இறங்கியவன் நான். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். நான் ஆடியாலஜிஸ்ட் கட்சி, அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைப் பொருத்தித் தரும் நிபுணரின் பக்கம்.

இ.என்.டி. டாக்டரை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. சீழ், அடைப்பு, செவிப்பறை ஓட்டை, அறுவை சிகிச்சை எல்லாம் அவர் பாடு. திடீரென ஒரு காது கேட்காமல் போனால் கருவி பற்றி யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே அவரிடம் ஓடுங்கள். நாள் தள்ளினால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறையும்.

கடையில் வேலை சுருக்கமாக முடிந்தது. ஹெட்போன், பீப் ஒலி, ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்), பிறகு அதற்கேற்பக் கருவியை செட் செய்யக் கம்ப்யூட்டரில் ஒரு கிளிக். அலைச்சல் இல்லை, செலவும் கம்மி. ஆனால் மூன்றே வாரத்தில் கருவி மேசை டிராயருக்குள் போய்விட்டது. "ஃபேன் சத்தம்தான் பெரிசா கேக்குது, நீ பேசுறது புரியல" என்றார் அப்பா.

ஆடியாலஜிஸ்ட் கருவியைக் கையில் எடுக்கவே வெகுநேரம் ஆனது. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்து, குறை நடுக்காதிலா உள்காதிலா என்று பார்த்தார். சொற்களைச் சொல்லி, அப்பா எத்தனையைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று எண்ணினார்.

அதன்பிறகு வந்த மெல்லிய குழாய்தான் என்னைக் கட்சி மாற வைத்தது. கருவி மாட்டியிருக்கும்போதே அதைச் செவிப்பறைக்குக் கிட்டே வரை நுழைத்து, அங்கே எவ்வளவு ஒலி போய்ச் சேர்கிறது என்று அளந்தார். காதுக் குழலின் நீளமும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே செட்டிங் இரண்டு பேர் காதில் இரண்டு விதமாக ஒலிக்கும். கடையில் தட்டிய கிளிக், சராசரிக் காதுக்குப் போட்ட கணக்கு. அப்பாவுக்கு 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது ச, ஸ போன்ற ஒலிகள் தெளிய வேண்டிய இடத்தில், ஒலி போதவில்லை. கருவியை மாற்றவில்லை, அதையேதான் திருத்தினார். அடுத்த மூன்று மாதத்தில் நான்கு முறை வரச் சொல்லி, மூளை பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். (சில கடைகள் வேறு யாரும் திருத்த முடியாதபடி கருவியைப் பூட்டியே விற்கும். எங்களுடையது பூட்டாதது, தப்பித்தோம். வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.)

படிப்பு? இந்தியாவில் நான்காண்டுப் பட்டம், அதில் ஓராண்டு நேரடிப் பயிற்சி. அமெரிக்காவில் முனைவர் நிலைப் பட்டம். ஆனால் பட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். படித்தவர்களிலும் அந்தக் குழாயைத் தொடாதவர்கள் உண்டு. கருவி விற்பவர்களிலும் பொறுப்பாக அளப்பவர்கள் உண்டு. நேரம் வாங்கும்போதே போனில் கேளுங்கள்: "கருவியை மாட்டி, காதுக்குள் அளப்பீர்களா?" பதில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

மூன்றாவதாக, செல்போன் செயலியில் நாமே சரிசெய்துகொள்ளும் கருவிகள். இவை லேசான அல்லது நடுத்தரக் குறை உள்ள பெரியவர்களுக்கு மட்டுமே, குழந்தைகளுக்குக் கூடாது. அத்தை ஒன்று வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. டிவி கேட்க நன்றாக இருக்கிறதாம். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அவர் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.